இரண்டாவது இயங்குதளத்தின் மேல் விழும் பழி

வீட்டுக் கணினியில் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸை அகற்றாமல், அதன் அருகிலேயே லினக்ஸ் போன்ற மற்றோர் இயங்குதளத்தையும் நிறுவி, கணினியைத் தொடங்கும்போது வேண்டியதைத் தேர்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்கு டூயல் பூட், அதாவது இரட்டைத் தொடக்கம், என்று பெயர். இந்த ஏற்பாட்டைக் குறித்துக் கணினி பழுதுபார்க்கும் கடைகளிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் ஏறத்தாழ ஒரே தீர்ப்புதான் நிலவுகிறது: இரண்டாவது இயங்குதளம் முதலாவதைக் கெடுத்துவிடும்; கோப்புகள் அழியும்; ஒருமுறை உள்ளே விட்டால் பிறகு வெளியேற்றுவது கடினம்; ஆகவே வீட்டில் இருப்பவர்கள் ஒரே இயங்குதளத்தோடு நின்றுகொள்வதே பாதுகாப்பு, ஆசை விடவில்லையென்றால் மெய்நிகர் கணினிக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். இத்தீர்ப்பு வெறுங்கற்பனையில் பிறந்ததன்று. இரட்டைத் தொடக்கத்தை முயன்று குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் பறிகொடுத்தவர்கள் உண்மையிலேயே உண்டு. ஆயினும் அந்த இழப்புக்கு இத்தீர்ப்பு காட்டும் காரணம் பிழையானது. கோப்புகள் ஒரே வட்டில் ஒரே பிரதியாகக் கிடக்கத் தொடங்கிய நாளிலேயே ஆபத்தும் தொடங்கிவிடுகிறது. இரண்டாவது இயங்குதளத்தை நிறுவும் நாளில் அது வெளியே தெரிகிறது, அவ்வளவே. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கணினித் துறையில் அரிது.

இந்த அச்சத்தின் பிறப்பிடத்தை முதலில் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் ஒரு காலத்தில் அது நியாயமானதாகவே இருந்தது. பழைய கணினிகளில், பயாஸ் எனப்படும் அடிப்படை நிரல், வட்டின் தொடக்கத்திலுள்ள 512 பைட்டுகளை மட்டும் படித்து, அங்கே எழுதப்பட்டிருக்கும் சிறு நிரலிடம் கணினியை ஒப்படைத்துவிடும். மாஸ்டர் பூட் ரெக்கார்டு என்று பெயர்பெற்ற அந்தச் சிறு இடத்தில் 446 பைட்டுகள் தொடக்க நிரலுக்கும், 64 பைட்டுகள் வட்டு எவ்வாறு பகுக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் அட்டவணைக்கும், எஞ்சிய 2 பைட்டுகள் அடையாளக் குறிக்கும் உரியவை. தொடக்க நிரலுக்கான இடம் ஒன்றே ஒன்று என்பதால், கடைசியாக வந்தவர் முன்பிருந்தவரை அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்வார். லினக்ஸை நிறுவினால் க்ரப் என்னும் அதன் பூட்லோடர், அதாவது தொடக்க நிரல், அங்கே குடியேறும். விண்டோஸை மறுபடி நிறுவினால் அது க்ரப்பை ஒரு வார்த்தை கேட்காமல் அழித்துத் தன் நிரலை எழுதிக்கொள்ளும். க்ரப்பின் எஞ்சிய பாகம் லினக்ஸின் பகுதியில் இருப்பதால், யாரேனும் விண்டோஸிலிருந்து அந்தப் பகுதியை நீக்கினால், அடுத்த முறை கணினி கறுப்புத் திரையில் 'க்ரப் ரெஸ்க்யூ' என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடும்.

அந்தக் கறுப்புத் திரைக்குப் பின்னால் விண்டோஸும் அதன் கோப்புகளும் சேதமின்றி அப்படியே இருந்தன என்பதும், விண்டோஸ் நிறுவல் வட்டைப் போட்டு இரண்டொரு கட்டளைகள் கொடுத்தால் அந்த 446 பைட்டுகளைத் திருப்பி எழுதிவிட முடியும் என்பதும் பலருக்குத் தெரியவில்லை. தெரியாதவர் கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினார். கடையில் நேரம் மிச்சமாகட்டும் என்று ஃபார்மட் அடித்துப் புதிதாக ஓ.எஸ். போட்டுக் கொடுத்தார்கள், கோப்புகள் உண்மையில் அழிந்தது அந்த ஃபார்மட்டில்தான். வீட்டில் பதிந்துபோன செய்தியோ, லினக்ஸ் போட்டதால் எல்லாம் போய்விட்டது என்பது.

அந்தப் பழைய காலத்திலேயேகூட, ஒழுங்காக நிறுவப்பட்ட இரட்டைத் தொடக்கம் பொதுமக்கள் கையில் இருந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டை அடியொற்றி உருவாக்கிய இயங்குதளம். பெரும்பாலான மாணவர்கள் லினக்ஸ் பக்கம் எட்டியே பார்க்கவில்லை என்பது வேறு கதை. கைதேர்ந்தவர்களுக்கு மட்டுமே உரியது என்று சொல்லப்படும் ஓர் ஏற்பாடு, பள்ளி மாணவர்களின் கைகளில் வந்து சேர்ந்தது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

இன்று விற்கும் கணினிகளில் அந்த 512 பைட்டுச் சண்டைக்கு இடமே இல்லை. 2012இல் விண்டோஸ் 8 வெளிவந்ததை ஒட்டி, யூஇஎஃப்ஐ எனப்படும் புதிய அடிப்படை நிரலோடு வரும் கணினிகள் வழக்கமாகிவிட்டன. யூஇஎஃப்ஐ, வட்டின் முதல் பைட்டுகளைத் தேடிப் போவதில்லை, இ.எஃப்.ஐ. சிஸ்டம் பார்ட்டிஷன் என்ற தனிச் சிறு பகுதியைத் திறந்து, அதிலுள்ள கோப்புறைகளில் தொடக்க நிரல்களைச் சாதாரணக் கோப்புகளாகவே படிக்கிறது. விண்டோஸுக்கு அங்கே மைக்ரோசாஃப்ட் என்ற கோப்புறையும், உபுண்டு என்னும் லினக்ஸ் வெளியீட்டுக்கு அதன் பெயரிலேயே இன்னொரு கோப்புறையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று மற்றொன்றை அழிக்க வேண்டிய தேவை இல்லை. எதை முதலில் தொடங்குவது என்னும் வரிசை, தாய்ப்பலகையின் அழியா நினைவகத்தில் ஒரு பட்டியலாக எழுதப்பட்டிருக்கும். விண்டோஸின் பெரிய புதுப்பிப்பு ஒன்று வந்து தன்னை முதலிடத்துக்கு ஏற்றிக்கொண்டாலும், கணினியைத் தொடங்கும்போது எஃப்12 போன்ற விசையை அழுத்திப் பட்டியலைத் திறந்து மற்றதைத் தேர்ந்துகொள்ளலாம். வட்டைப் பகுக்கும் அட்டவணையும் மாறிவிட்டது: ஜிபிடி எனப்படும் புதிய அட்டவணை வழக்கமாக 128 பகுதிகளுக்கு இடம் தருவதோடு, தன் நகல் ஒன்றை வட்டின் கடைசியிலும் வைத்துக்கொள்கிறது, முன்பக்கத்து அட்டவணை சிதைந்தால் பின்பக்கத்து நகலிலிருந்து மீட்க வழி உண்டு. 2005ஆம் ஆண்டின் கணினியைப் பார்த்துக் கற்ற பாடத்தை இன்றைய கணினிக்கு ஒப்பிப்பவர்கள், இடையில் கணினியே மாறிவிட்டதைக் கணக்கில் எடுப்பதில்லை.

அப்படியானால் இன்றும் இழப்புகள் நேர்வது எதனால்? இதற்கு விடை தேட, நிறுவலின்போது வரும் ஒரு திரையையும் வீட்டுக் கணினிகளில் நிலவும் ஒரு பழக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் ஊரில் கணினி வாங்கினால் கடையிலேயே வட்டை சி, டி, சில வேளை இ என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். விண்டோஸ் சி-யில் இருக்கும், சொந்தக் கோப்புகளை டி-யில் போடச் சொல்வார்கள், ஏனெனில் சி-யை ஃபார்மட் அடித்தாலும் டி தப்பிவிடும். இந்தப் பழக்கம் ஓரளவு பயனுள்ளதுதான், ஆனால் அதன் விளைவாக டி டிரைவ் என்பதே ஒரு பாதுகாப்புப் பெட்டகம், அங்கே வைத்தது பேக்கப் எடுத்ததற்குச் சமம் என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டது. சி-யும் டி-யும் ஒரே வட்டின் மேல் போட்ட கோடுகள் மட்டுமே. வட்டு பழுதானால் இரண்டும் ஒன்றாகவே போகும். இந்த நம்பிக்கையோடு உபுண்டுவை நிறுவ உட்காருபவர் முன்னால் ஒரு திரை வருகிறது. விண்டோஸின் அருகிலேயே நிறுவுவது என்பது ஒரு தேர்வு. 'எரேஸ் டிஸ்க் அண்ட் இன்ஸ்டால் உபுண்டு' என்பது இன்னொன்று. டிஸ்க் என்றால் சி டிரைவ் என்றே பழகிய கண், சி போனால் போகட்டும், டி இருக்கிறதே என்று அதை அழுத்துகிறது. நிறுவியின் அகராதியிலோ டிஸ்க் என்பது முழு வட்டு. சி, டி, விண்டோஸின் மீட்புப் பகுதி எல்லாம் அதில் அடக்கம். லினக்ஸில் சி, டி என்ற எழுத்துப் பெயர்களே கிடையாது. பகுதிகள் எஸ்டிஏ1, எஸ்டிஏ2 போன்ற பெயர்களோடு வரும்போது, அளவைப் பார்த்துத்தான் எது எது என்று அடையாளம் காண முடியும் என்பது குழப்பத்தைக் கூட்டுகிறது.

இந்த இழப்பில் நிறுவிக்கும் பங்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. இருப்பினும் அதே கோப்புகளுக்கு வெளிவட்டில் ஒரு பிரதி இருந்திருந்தால், தவறான பொத்தானை அழுத்தியவர் இழப்பது ஒரு மாலைப் பொழுதைத்தான். பிரதி இல்லாத கோப்புகளை அழிக்க இரண்டாவது இயங்குதளம் தேவையே இல்லை. 2018 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 10இன் 1809 புதுப்பிப்பு, சில பயனர்களின் ஆவணக் கோப்புறைகளில் இருந்தவற்றை அழித்துவிட்டது என்று தெரியவந்ததும், மைக்ரோசாஃப்ட் அதன் வினியோகத்தை நிறுத்தி, திருத்தி, பின்னர் மீண்டும் வெளியிட்டது. 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வன்னாக்ரை என்னும் பிணைத்தீநிரல், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டபோது, அது தாக்கிய விண்டோஸ் கணினிகளில் இரண்டாவது இயங்குதளம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கவில்லை. இவற்றைக் கண்டு விண்டோஸே ஆபத்து, அதை வீட்டில் வைக்காதீர்கள் என்று எந்தக் கடைக்காரரும் சொன்னதில்லை, சொல்லவும் கூடாது. அதே அளவுகோலை மற்றதற்கும் நீட்டுவதுதான் முறை.

நிறுவும்போதும் நிறுவிய பின்பும் எழும் தொல்லைகளில் பெரும்பகுதி, வந்து சேரும் லினக்ஸைவிட ஏற்கெனவே உள்ளிருக்கும் விண்டோஸின் பழக்கங்களிலிருந்து கிளைக்கிறது என்பதும் நிலவும் தீர்ப்பில் மறைந்துபோகிறது. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்றொரு வசதி இருக்கிறது: ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுவதுமாக அணைவதில்லை, தன் கருநிரலின் நிலையை ஒரு கோப்பில் எழுதிவைத்துவிட்டு, மறுமுறை அதை எடுத்துக்கொண்டு விரைவாக எழுகிறது. அந்த இடைவேளையில் அதன் பகுதி பாதி திறந்த நிலையிலேயே இருக்கிறது. அப்போது லினக்ஸிலிருந்து அதில் எதையேனும் எழுதினால், திரும்பி எழும் விண்டோஸின் நினைவில் உள்ள படமும் வட்டின் உண்மை நிலையும் முரண்பட்டுக் கோப்பு முறைமை சிதையக்கூடும். இதை அறிந்தே விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையைக் கையாளும் லினக்ஸ் இயக்கிகள் அத்தகைய பகுதியை எழுத அனுமதிக்காமல் படிப்பதற்கு மட்டும் திறக்கின்றன, அல்லது திறக்கவே மறுக்கின்றன. நிர்வாகி உரிமையோடு திறந்த கட்டளைச் சாளரத்தில் 'பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப்' என்னும் ஒரு கட்டளையைக் கொடுத்தால் இந்த வசதி அணைந்துவிடும். எஸ்எஸ்டி இருக்கும் கணினியில் தொடக்க வேகம் குறைந்ததே தெரியாது.

கடிகாரத்தின் கதை இன்னும் வேடிக்கையானது. தாய்ப்பலகையின் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. அது உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது. ஆகவே லினக்ஸைப் பயன்படுத்திவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால், இந்தியாவிலும் இலங்கையிலும் கடிகாரம் சரியாக ஐந்தரை மணிநேரம் பின்தங்கி நிற்கும். காலை பத்து மணிக்கு நாலரை என்று காட்டும் கணினியைக் கண்டு வைரஸ் புகுந்துவிட்டது என்று முடிவுகட்டியவர்கள் இருக்கிறார்கள். லினக்ஸிடம் உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்ளச் சொல்லும் கட்டளை ஒன்று போதும்.

இவற்றையெல்லாம்விடக் கவனம் வேண்டுவது பிட்லாக்கர். வட்டில் உள்ளவற்றை மறையாக்கம் செய்து, அதாவது சாவியின்றிப் படிக்க முடியாத வடிவுக்கு மாற்றி, வைத்திருக்கும் விண்டோஸ் வசதி அது. ஹோம் பதிப்பில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் இருக்கும். விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலே, பெரும்பாலான கணினிகளில் இது கேட்காமலே இயங்கத் தொடங்கிவிடுகிறது. கணினி எந்த வரிசையில், எந்த அமைப்புகளோடு தொடங்கியது என்பதை டிபிஎம் என்னும் சில்லு அளந்து வைத்திருக்கும். செக்யூர் பூட் அமைப்பை மாற்றினாலோ தொடக்க முறையை மாற்றினாலோ அளவு பொருந்தாமல்போய், நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவியை விண்டோஸ் கேட்கும். அந்தச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும் என்பது சரிதான். ஆனால் பல வீடுகளில் கணினி வாங்கிய அன்று கடைப்பையனே ஏதோ ஒரு மின்னஞ்சல் முகவரியில் கணக்கைத் தொடங்கிக் கொடுத்திருப்பார், அதன் கடவுச்சொல் இன்று யாருக்கும் நினைவிருக்காது. அத்தகைய வீட்டில் இரட்டைத் தொடக்கத்தை நிறுவாமலே இருந்தாலும், தாய்ப்பலகை பழுதாகி மாற்ற நேர்ந்தால் இதே நீலத் திரைதான் வரும். சாவியைக் கண்டுபிடித்துத் தாளில் எழுதி பீரோவில் வைக்க வேண்டிய கடமை, இரண்டாவது இயங்குதளம் பற்றி எண்ணியே பாராதவருக்கும் உரியது. நிறுவ முனைபவர் அதை முன்கூட்டியே செய்ய நேர்கிறது. மற்றவர் நீலத் திரையைப் பார்த்த பின் தேடுகிறார்.

எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் வலுவான சான்று 2024 ஆகஸ்ட் 13ஆம் நாளுக்குரியது. செக்யூர் பூட் என்பது, நம்பத்தக்க கையொப்பமிட்ட தொடக்க நிரல்களை மட்டுமே இயங்கவிடும் யூஇஎஃப்ஐ ஏற்பாடு. லினக்ஸ் வெளியீடுகள், மைக்ரோசாஃப்டின் கையொப்பம் பெற்ற ஷிம் என்ற சிறு நிரலின் வழியாக இதைக் கடக்கின்றன. க்ரப்பில் முன்னர் கண்டறியப்பட்ட ஓர் ஓட்டையை அடைப்பதற்காக, பழைய பதிப்புகளைத் தடைசெய்யும் புதுப்பிப்பொன்றை மைக்ரோசாஃப்ட் அன்று வெளியிட்டது. இரட்டைத் தொடக்கக் கணினிகளுக்கு அது பொருந்தாது என்று கூறப்பட்டிருந்தும், பல கணினிகளில் இரட்டைத் தொடக்கம் இருப்பதைப் புதுப்பிப்பு கண்டுகொள்ளத் தவறியது. மறுநாள் லினக்ஸைத் தொடங்கியவர்கள் பாதுகாப்புக் கொள்கை மீறப்பட்டது என்ற செய்தியோடு கணினி அணைந்துவிடக் கண்டார்கள். இரண்டு இயங்குதளங்களை அருகருகே வைப்பது எவ்வளவு நொய்மையானது பார்த்தீர்களா என்று அன்று எழுந்த குரல்களில் நியாயம் இல்லாமல் இல்லை: ஒரு வீட்டுப் பயனர் தாம் எந்தத் தவறும் செய்யாமலே தம் கணினியின் ஒரு பாதியை இழந்து நின்றார்.

ஆனால் அந்த நிகழ்வைக் கூர்ந்து பார்த்தால், அது நிலவும் தீர்ப்புக்கு அரண் செய்வதாகத் தோன்றவில்லை. முதலில், இடையூறு செய்தது விண்டோஸின் புதுப்பிப்பு, தடைப்பட்டது லினக்ஸ். புதிதாய் வருவது பழையதைக் கெடுக்கும் என்ற எச்சரிக்கைக்கு இது நேர்மாறானது. அடுத்து, ஒரு கோப்பும் அழியவில்லை. விண்டோஸ் வழக்கம்போல் இயங்கியது. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய், தடைப்பட்டியலை நீக்கும் கட்டளையைக் கொடுத்து, மீண்டும் இயக்கினால் லினக்ஸும் திரும்பிவந்தது. மைக்ரோசாஃப்ட் நிலையான திருத்தத்தை 2025 மே மாதத்தில்தான் வெளியிட்டது என்பது கண்டிக்கத்தக்க தாமதம். கண்டனம் போய்ச் சேர வேண்டிய முகவரி அதுவே. தொடக்கம் தடைப்படுவதும் தகவல் அழிவதும் வெவ்வேறு வகையான கேடுகள். இரண்டையும் ஒன்றாகக் குழைத்து ஆபத்து என்ற ஒரே சொல்லால் அழைப்பதிலிருந்துதான் இந்தத் துறையின் பாதி அச்சம் பிறக்கிறது.

இனி, மெய்நிகர் கணினியே பாதுகாப்பானது என்ற அறிவுரைக்கு வரலாம். விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருள், விண்டோஸுக்குள்ளேயே ஒரு பாவனைக் கணினியை உருவாக்கி, அதில் மற்றோர் இயங்குதளத்தை ஒரு சாதாரணச் சாளரம்போல ஓட்ட உதவுகிறது. அதன் வட்டு என்பது உண்மையில் விண்டோஸில் இருக்கும் ஒரு பெரிய கோப்பு. நிரல் எழுதக் கற்பவருக்கும், ஒரு மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பவருக்கும் இது மிகப் பொருத்தமான வழி. வட்டைப் பகுக்க வேண்டிய தேவையே இல்லை, பிடிக்காவிட்டால் அந்தக் கோப்பை அழித்துவிட்டால் முடிந்தது. மறுப்புக்குரியது இந்தக் கருவியன்று. எல்லா நோக்கங்களுக்கும் இதுவே போதும் என்னும் நீட்சிதான். இரண்டாவது இயங்குதளத்தை நாடும் வீட்டுப் பயனர்களில் கணிசமானோர், விண்டோஸ் மந்தமாகிவிட்டது என்பதாலோ அதன்மேல் நம்பிக்கை போய்விட்டது என்பதாலோ நாடுகிறார்கள். 4 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினியில் விண்டோஸே மூச்சுவாங்கும்போது, அதன் தோளில் இன்னோர் இயங்குதளத்தையும் ஏற்றினால் இரண்டும் நகராது. அதே லினக்ஸை நேரடியாக நிறுவினால் கணினி இன்னும் சில ஆண்டுகளுக்கு உழைக்கும்.

பாதுகாப்பு என்ற நோக்கில் பார்த்தால் இந்த நீட்சி இன்னும் வலுவிழக்கிறது. மெய்நிகர் கணினியின் சுவர், உள்ளிருப்பது வெளியே வராமல் காப்பதற்காக எழுப்பப்பட்டது; வெளியே இருப்பது உள்ளே பார்க்காமல் தடுப்பதற்கு அதில் எதுவுமில்லை. விண்டோஸில் விசைத்தட்டல்களைத் திருடும் நிரல் ஒன்று புகுந்திருந்தால், மெய்நிகர் சாளரத்துக்குள் லினக்ஸில் தட்டச்சு செய்யும் வங்கிக் கடவுச்சொல்லும் அதே விசைப்பலகை வழியாக, அதே விண்டோஸைக் கடந்துதான் போகிறது. உள்ளிருந்து வெளியே வரும் திசையிலும் சுவர் பொத்தலற்றதென்று சொல்வதற்கில்லை: 2015இல் வெனம் என்று பெயரிடப்பட்ட குறைபாடு, யாருமே பயன்படுத்தாத பாவனை ஃபிளாப்பி இயக்கியின் நிரலில் ஒளிந்திருந்து, கியூஎம்யூ வகை மெய்நிகர் கணினிகளிலிருந்து தப்பிவர வழி திறந்தது. இத்தகைய தப்பித்தல்கள் அரியவை, வீட்டுப் பயனர் அவற்றுக்காக உறக்கம் இழக்க வேண்டியதில்லை. எனினும் ஒரு முறையை ஆபத்து என்றும் மற்றொன்றைக் காப்பு என்றும் இரண்டே கட்டங்களில் பிரித்துவைக்கும் பழக்கம் உண்மை நிலையோடு பொருந்தவில்லை என்பதைக் காட்ட இவ்வளவு போதும்.

எச்சரிக்கை விடுப்பவர்களின் கைவேலையையும் சற்று நோக்க வேண்டியிருக்கிறது. லினக்ஸ் போட்டால் கணினி கெட்டுவிடும் என்று சொல்லும் கடைகளில் பலவற்றில், உரிமம் வாங்காத விண்டோஸை நிறுவி, ஆக்டிவேட்டர் எனப்படும் பூட்டுடைப்பு நிரலை ஓட்டி, அது தடைப்படாமலிருக்க வைரஸ் காப்பானை அணைத்துவைப்பது அன்றாட வேலை. எவர் எழுதியது, என்ன செய்யும் என்று தெரியாத ஒரு நிரலுக்கு நிர்வாகி உரிமையைக் கொடுப்பதைவிடப் பெரிய ஆபத்தை எந்த இரட்டைத் தொடக்கமும் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. லினக்ஸ் தரப்பும் முற்றிலும் தூயதன்று. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்னும் வெளியீட்டின் தளத்தை ஊடுருவியவர்கள், பின்கதவு வைத்த நிறுவல் கோப்பைப் பதிவிறக்கப் பக்கத்தில் இணைத்துவிட்டார்கள். அதை மின்ட் குழுவே உடனடியாக வெளிப்படையாக அறிவித்தது. வெளியீட்டாளர் தரும் சரிபார்ப்பு எண்ணோடு பதிவிறக்கிய கோப்பை ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு நிமிட வேலை எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்நிகழ்வே விடை. பத்தே நிமிடத்தில் முடியும், எதையும் யோசிக்க வேண்டாம் என்று உற்சாகப்படுத்தும் லினக்ஸ் ஆர்வலர்களும், பார்க்கப்போனால், அச்சமூட்டுபவர்களுக்கு ஆள் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

ஒன்றும் செய்யாமல் இருப்பதே பாதுகாப்பு என்ற அடிப்படைக் கருத்து இன்று முன்னெப்போதையும்விடப் பலவீனமாக நிற்கிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்குத் தரப்பட்ட நீட்டிப்பிலும் தாமே பதிவுசெய்துகொண்டால்தான் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். டிபிஎம் 2.0 சில்லும் புதிய செயலியும் கேட்கும் விண்டோஸ் 11, நன்றாக உழைக்கும் பல பழைய கணினிகளை ஏற்க மறுக்கிறது. இதே நிலை 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தபோதும் வந்தது. அப்போது தமிழக அரசு தன் துறைகளின் கணினிகளில் பாஸ் லினக்ஸை நிறுவுமாறு அறிவுறுத்தியது. புதிய கணினி வாங்க வசதியில்லாத வீட்டில், இணையத்துக்கும் வங்கி வேலைக்கும் ஆதரவுள்ள லினக்ஸ், அச்சுப்பொறிக்கும் கணக்கு மென்பொருளுக்கும் இணையத்திலிருந்து துண்டித்த பழைய விண்டோஸ் என்ற பிரிவினை, ஒரே விண்டோஸோடு எல்லாவற்றையும் செய்வதைக் காட்டிலும் பாதுகாப்பானது. அவ்விடத்தில் இரட்டைத் தொடக்கம் விளையாட்டுப் பிள்ளைகளின் ஆசை என்ற நிலையைக் கடந்து காப்பு நடவடிக்கையாகிவிடுகிறது.

இந்த ஏற்பாட்டின் வடிவங்களில் தரவேறுபாடு உண்டு. சிறந்தது, இரண்டாவது இயங்குதளத்துக்குத் தனி எஸ்எஸ்டி ஒன்றைக் கொடுப்பது. மேசைக் கணினிகளிலும் பழைய மடிக்கணினிகள் பலவற்றிலும் அதற்கு இடமிருக்கிறது. அப்படிச் செய்யும்போதுகூட, எந்த வட்டைத் தேர்ந்தாலும் பூட்லோடரை முதல் வட்டின் இ.எஃப்.ஐ. பகுதியிலேயே போய் எழுதிவிடும் குறை உபுண்டுவின் பழைய நிறுவியில் இருந்ததால், நிறுவல் முடியும்வரை விண்டோஸ் வட்டின் கேபிளைக் கழற்றி வைப்பது நல்லது. வட்டு ஒன்றே என்றால், விண்டோஸின் பகுதியைச் சுருக்கும் வேலையை லினக்ஸ் நிறுவியிடம் விடாமல் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்ய வேண்டும். தன் கோப்பு முறைமையை நன்கறிந்தது அதுவே. சுருக்கும்போது கோப்புகள் இடம் மாற்றப்படுவதால், நடுவில் மின்சாரம் போவது மெய்யான ஆபத்து. யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில், மின்வெட்டு அறிவித்திருக்கும் நாளில் இந்த வேலையைத் தொடக்கூடாது. இவற்றுக்கெல்லாம் முன்னதாக, கோப்புகளின் பிரதி கணினியிலிருந்து கழற்றப்பட்ட வெளிவட்டில் இருக்க வேண்டும். நிறுவும்போது செருகியே வைத்திருந்தால், எரேஸ் டிஸ்க் திரையில் அந்த வெளிவட்டும் ஒரு தேர்வாக வந்து நிற்கும்.

எஞ்சியிருப்பது, உள்ளே விட்டால் வெளியேற்ற முடியாது என்ற குற்றச்சாட்டு. யூஇஎஃப்ஐ கணினியில் முதலில் அடிப்படை நிரலின் அமைப்புத் திரைக்குப் போய் விண்டோஸ் பூட் மேனேஜரை வரிசையின் முதலிடத்துக்கு மாற்றி, விண்டோஸ் நேராகத் தொடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸின் பகுதிகளை நீக்கலாம். கிடைத்த காலியிடம் விண்டோஸ் பகுதியின் வலப்பக்கத்தில் ஒட்டி இருந்தால் அதனுடன் சேர்த்துக்கொள்ளலாம்; இடையில் விண்டோஸின் மீட்புப் பகுதி குறுக்கே நின்றால் சேர்க்க முடியாது, காலியிடத்தைப் புதிய டி டிரைவாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இ.எஃப்.ஐ. பகுதியில் எஞ்சும் லினக்ஸ் கோப்புறை சில மெகாபைட் இடத்தை அடைத்துக்கொண்டு அப்படியே கிடக்கும். அதை நீக்காமல் விட்டாலும் விண்டோஸின் தொடக்கத்துக்கு அதனால் எந்த இடையூறும் இல்லை.